மண் இமயம்

தமிழ் மனத்தில் இமயம் ஒரு கல். சங்கக் கவிதைகளில் அது வட எல்லை. அரசனின் புகழ் எதுவரை போகும் என்பதற்கு நட்டுவைத்த எல்லைக்கல். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை செய்ய அங்கிருந்துதான் கல் கொண்டுவருகிறான். கையெட்டும் தூரத்தில் பொதிகை இருக்கிறது. ஆனால் பொதிகையில் கல் எடுத்துக் காவிரியில் நீராட்டுவது சேர வீரத்துக்கு அழகில்லை என்று அது தள்ளப்படுகிறது. தோற்ற மன்னர்களான கனகனும் விசயனும் இமயத்துக் கல்லைத் தலையில் சுமக்கிறார்கள். பின்னால் வந்த பக்தி அந்தக் கல்லைச் சிவனின் இருப்பிடமாக்கிற்று. நம் காலத்து யாத்திரைப் புத்தகங்கள் கொஞ்சம் பரவசத்தையும் ஒரு வண்ணப்படத்தையும் அதோடு சேர்த்துக்கொண்டன. அடிப்படைப் பார்வை மாறவில்லை. இமயம் மாறாதது, கரையாதது, மனித வாசனை படாதது. அங்கே வீடுகள் இருக்கின்றன, வீடுகளுக்குக் கூரை உண்டு, கூரை ஒழுகும் என்கிற ஸ்தூலமான விஷயங்களுக்கு இந்தப் பார்வையில் இடமே இல்லை.

2022 செப்டம்பரில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இரண்டு வாரங்கள் இருந்தேன். நான் பார்த்த இமயம் கல்லால் ஆனதல்ல, மண்ணால் ஆனது. மண் என்பதை இங்கே உருவகமாகச் சொல்லவில்லை. தண்ணீர் பட்டால் குழைகிற, வெயிலில் வெடிக்கிற, வருஷத்துக்கு ஒருமுறை கையால் பூசவேண்டிய சாதாரண மண்ணையே சொல்கிறேன்.

*

சிம்லாவிலிருந்து போகிறவர்கள் சட்லெஜ் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். கின்னார் வரை பச்சை இருக்கிறது. தேவதாரு, ஆப்பிள் தோட்டம், சில்கோஸா கொட்டை தரும் பைன் மரங்கள். பூ என்கிற ஊரைத் தாண்டினால் மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொள்கின்றன. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் வந்து விழுகிறது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவில், சண்டை போட்டுக்கொண்டு கலப்பது போல ஒரு கூடல். அங்கே சட்லெஜை விட்டுவிட்டுச் சாலை மேலே ஏறுகிறது. பருவமழை முதுகுக்குப் பின்னால், தெற்கு மலைத்தொடர்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. இதற்கப்பால் மழைமறைவு. மலைகள் தோல் உரித்துப் போட்டது போல நிற்கின்றன. செம்மண் நிறம், சாம்பல், துரு, ஊதா, சில இடங்களில் கறுப்பு. புல்கூட இல்லை.

நாக்கோ அருகே மல்லிங் சரிவில் பேருந்து நின்றது. டிரைவர் இறங்கி, கையைக் கண்ணுக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். சரிவு முழுதும் பொடி மண்ணும் சரளையும். எங்கோ உயரத்தில் சின்னக் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. சத்தம் கேட்டது, கல் தெரியவில்லை. சத்தம் அடங்கியதும் ஏறி உட்கார்ந்து ஒரே மூச்சில் கடந்தார். அதுவரை பேசிக்கொண்டு வந்தவர்கள் அந்த இரண்டு நிமிஷமும் பேசவில்லை. மறுபக்கம் போனதும் விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்ந்தார்கள். மலை உறுதியானது என்பது மலையில் வசிக்காதவர்களின் கருத்து. இவர்களுக்கு அது விழாமல் இருக்கிறபோது கடந்துவிடவேண்டிய ஒன்று.

இதை விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. நிலவியல்காரர்களுக்கு ஸ்பிதி ஒரு திறந்த புத்தகம். மொரேவியாவில் பிறந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணிபுரிந்த ஸ்டோலிச்கா 1860களில் இங்கே நடந்து அடுக்கடுக்காக எழுதிவைத்தார். பிறகு 1874-ல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். அவர் எழுதியது ஒரு கடலைப் பற்றி. டெதிஸ் என்று பெயரிடப்பட்ட அந்தக் கடலின் அடியில் படிந்த சேறுதான் இந்த மலைகள். இந்தியத் தட்டு ஆசியாவை முட்டியபோது கடல் சுருங்கி, சேறு மேலே வந்தது. லாங்ஸா கிராமத்துக்கு அருகே ஓடை வெட்டிய கரையில் கறுப்பு நிறக் களிப்பாறை வெளியே தெரிகிறது. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. விரலால் நிமிண்டினால் இதழ் இதழாக உதிர்கிறது. உள்ளே அம்மோனைட், சுருண்ட ஓட்டுப் பிராணி. வைஷ்ணவர்கள் சாளக்கிராமம் என்று பூஜை செய்கிற அதே வகை. ஒரு பையன் உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் காட்டினான். ஸமுத்திரத்தை அவன் பார்த்ததில்லை. அதனாலென்ன, அவன் ஊரே ஒரு காலத்தில் ஸமுத்திரம்தான்.

ஆக, எல்லைக்கல் என்று நம் கவிகள் நினைத்தது உலர்ந்த சேறு. இதனால் அவர்கள் கவிதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நாம்தான் கொஞ்சம் மாற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

*

ஸ்பிதியை எல்லோரும் 'தொலைதூரப் பள்ளத்தாக்கு' என்கிறார்கள். எதிலிருந்து தொலைவு என்று யாரும் கேட்பதில்லை. பத்தாம் நூற்றாண்டில் மேற்குத் திபெத்தின் குகே அரசு இந்த நிலத்தை ஆண்டபோது இது வழியில் இருந்த ஊர், எல்லையில் இருந்த ஊரல்ல. குகேயின் பெரிய மடாலயமான தோலிங் இந்தப் பக்கத்திலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தது. மேற்கே காஷ்மீர். மொழிபெயர்ப்பாளர் ரின்சென் ஸாங்போ (958 - 1055) இளம் வயதில் காஷ்மீர் போய், ஸம்ஸ்கிருதம் கற்று, நூல்களோடு திரும்பிவந்தார். கலைஞர்களையும் அங்கிருந்து அழைத்துவந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஆடும் உப்பும் கம்பளியும் தானியமும் மலைக்கணவாய்களில் போய்வந்துகொண்டிருந்தன. சாஸ்திரமும் ஓவியப் பாணியும் அதே பாதையில் வந்தன.

1962 யுத்தத்துக்குப் பிறகு கிழக்குக் கதவு அடைபட்டது. நடுவில் இருந்தது ஓரமாயிற்று. தோலிங் இன்று வேறொரு தேசத்தில், போகமுடியாத இடத்தில் இருக்கிறது. தில்லியும் சிம்லாவும் இப்போது மையம். அவற்றிலிருந்து அளந்தால் ஸ்பிதி தொலைவுதான். தொலைவு என்பது நிலத்தின் குணம் அல்ல, வரைபடத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேற்கிலிருந்து வரும் மணாலிச் சாலையில் ரோத்தாங்குக்குக் கீழே 9 கிலோமீட்டர் சுரங்கம் 2020-ல் திறந்தார்கள். லாஹூலுக்கு அதனால் குளிர்காலம் திறந்தது. ஸ்பிதிக்குத் திறக்கவில்லை, நடுவில் 4551 மீட்டர் உயரத்தில் குன்ஸும் கணவாய் இருக்கிறது, பனி விழுந்தால் அது மாதக்கணக்கில் மூடிக்கொள்கிறது. அப்போது கின்னார் வழி ஒன்றுதான் மிச்சம்.

சிறு கூட்டத்துக்காக எழுதுகிறவர்கள், மொழியின் ஓரத்தில் நின்று எழுதுகிறவர்கள் இந்த விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஓரம் என்று ஒன்று தானாக இருப்பதில்லை. எங்கோ ஒரு கதவு அடைக்கப்படுகிறது, அதன் பின் இருந்தது ஓரமாகிவிடுகிறது.

*

தாபோ மடாலயம் சுமார் 3280 மீட்டர் உயரத்தில், ஆற்றங்கரைச் சமவெளியில் இருக்கிறது. மற்ற மடாலயங்கள் மலையுச்சியில் உட்கார்ந்து பயமுறுத்துகின்றன. இது தரையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே இல்லை. மதில் சுவருக்குள் ஒன்பது மண்கட்டிடங்கள். சரிந்த சுவர்கள், தட்டையான கூரைகள், ஜன்னல் கிடையாது. கரைந்து முனை மழுங்கிய ஸ்தூபிகள். தானியக் கிடங்கு என்று சொன்னால் நம்பிவிடலாம். கோபுரத்தைக் கண்டு வளர்ந்த கண்ணுக்கு இது ஏமாற்றம். நம் கோயில் தூரத்திலிருந்தே கூப்பிடுகிறது. இது கிட்டே போனாலும் கூப்பிடவில்லை.

குனிந்து உள்ளே நுழைந்தால் இருட்டு. கூரையின் நடுவில் உள்ள திறப்பிலிருந்து மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இறங்குகிறது. இளம் பிக்கு ஒருவர் டார்ச்சோடு வந்தார். படம் எடுக்க அனுமதியில்லை. நல்ல ஏற்பாடு, பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. கண் பழகப் பழகச் சுவரிலிருந்து உருவங்கள் வெளியே வந்தன. ஏறக்குறைய மனித அளவில், தரைக்கு மேலே சுவரில் பொருத்தப்பட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட தெய்வங்கள் சுற்றிலும் உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் நான்கு திசையும் நோக்கும் வைரோசனர். அந்தக் கூடமே ஒரு மண்டலம். பார்க்க வந்தவன் மண்டலத்தின் உள்ளே நிற்கிறான். மண்டலத்தை வெளியே நின்று பார்க்கும் சௌகரியம் அங்கே கிடையாது. தெய்வங்கள் எல்லாமே களிமண். மேலே வண்ணம். உளி படவில்லை, விரல்கள் பட்டிருக்கின்றன. கல்லில் சிற்பி வேண்டாததை நீக்குகிறான். களிமண்ணில் வேண்டியதைச் சேர்க்கிறான். சேர்த்தது உதிரலாம். அந்தச் சாத்தியம் ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. சில முகங்களின் அமைதிக்கு அதுதான் காரணமோ என்று தோன்றிற்று.

தெய்வங்களின் காலடிக்குக் கீழே ஓவியங்கள். வடபக்கம் புத்தரின் வாழ்க்கை. தென்பக்கம் கண்டவியூக சூத்திரத்தின் கதை, ஸுதனன் என்கிற இளைஞனின் பயணம். ஞானம் தேடிப் புறப்படுகிறவன் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசான்களைப் பார்க்கிறான். பிக்கு, வியாபாரி, அரசன், வைத்தியன், கப்பலோட்டி, பரத்தை, சிறுமி என்று யார் யாரோ. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டு, இதற்கு மேல் எனக்குத் தெரியாது, அடுத்தவரிடம் போ என்று அனுப்பிவிடுகிறார்கள். கட்டம் கட்டமாகக் கதை போகிறது. திபெத்திய எழுத்தில் வாசகங்களும் உண்டு. டார்ச் வெளிச்சம் ஒரு கட்டத்தைக் காட்டியபோது அடுத்த கட்டம் இருட்டில் இருந்தது. ஒருவிதத்தில் கதையின் முறையும் அதுதான்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஸுதனன் போகும் திசை தெற்கு. ஆசான்கள் அவனை மீண்டும் மீண்டும் தெற்கே போ என்கிறார்கள். வழியில் அவன் திராமிட நாட்டுக்கு வந்து, வஜ்ரபுரம் என்ற ஊரில் மேகன் என்ற திராமிடனைப் பார்க்கிறான். மேகன் அவனுக்குக் கற்பிப்பது ஒலியும் எழுத்தும் பற்றிய வித்தை. பிற்பாடு பொதலக மலையில் அவலோகிதரைக் காண்கிறான். அந்தப் பொதலகம் நம் பொதிகைதான் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. அது நிரூபணமாகிறதோ இல்லையோ, நாம் கண்ணகிக்குக் கல் எடுக்க வேண்டாமென்று விலக்கிய மலையின் பெயர் போலவே ஒலிக்கும் ஒரு மலை, இமயத்தின் ஒரு மண்சுவரில் யாத்திரைத் தலமாகியிருக்கிறது. நாம் மேன்மையைத் தேடி வடக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். வடக்கே இருந்தவன் இருட்டுக்குள் உட்கார்ந்து, தான் ஒருபோதும் பார்க்கப்போகாத தெற்கை வரைந்துகொண்டிருந்தான். புனிதம் எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது போலும். இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பண்பாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது: நேரில் அல்ல, கதை வழியாக, மொழிபெயர்ப்பு வழியாக.

*

தாபோவின் வயது பற்றி ஒரு விஷயம். அது 996-ல் நிறுவப்பட்டது என்று எல்லா வழிகாட்டிப் புத்தகங்களிலும் இருக்கிறது. நிறுவியவர் குகேயின் யேஷே ஓ, அரசைத் துறந்து துறவியானவர். இந்த வருஷம் எப்படித் தெரியவந்தது? கூடத்தின் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டிலிருந்து என்று எழுத வந்து கை நிற்கிறது. அது வெட்டப்பட்டது அல்ல, மையால் சுவரில் எழுதப்பட்டது. கட்டியவர் எழுதிவைத்ததும் அல்ல. நாற்பத்தாறு வருஷம் கழித்து, 1042-ல், அதே வம்சத்து ஜங்சுப் ஓ கட்டிடத்தைப் புதுப்பித்தபோது எழுதிவைத்த வாசகம் அது. புதுப்பித்ததைச் சொல்லவந்த இடத்தில், முதலில் கட்டிய வருஷத்தையும் சொல்கிறது. தாபோவின் பிறந்த நாளை நாம் தெரிந்துகொள்வது செப்பனிட்ட கணக்கிலிருந்துதான்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010. பதினான்கு வருஷ வித்தியாசம், ஏறக்குறைய ஒரே தலைமுறை. ராஜராஜன் தான் கட்டியதைக் கருங்கல்லில் வெட்டினான். தந்தது, தந்தவர், விளக்கு, பொன், ஆடுமகளிர் பெயர் வரை. அது ஒரு மகத்தான நினைவுமுறை, அதைக் குறைத்துப் பேச எனக்கு உத்தேசமில்லை. கல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. மண்ணில் கட்டியவனுக்கு அந்த நம்பிக்கை சாத்தியமில்லை. அடுத்த வருஷம் யாரோ வந்து பூசவேண்டும், அதற்கடுத்த வருஷமும். தனக்குப் பிறகு வரப்போகிற, முகம் தெரியாத ஆயிரம் கைகளை நம்பித்தான் அவன் கட்டுகிறான். ஒரு கை வராவிட்டாலும் கதை முடிந்தது. ஆயிரம் வருஷம் என்பது மண்சுவரின் வயதல்ல. ஆயிரம் முறை யாரோ கூரையில் ஏறினார்கள் என்பதன் கணக்கு.

நவீன இலக்கியத்தில் நமக்குப் படைப்பு பற்றி ஒரு கொள்கை உண்டு. படைப்பு ஒரு தனி மனத்தின் ஒரு முறை நிகழ்வு. முடிந்தபின் அது தன்னளவில் முழுமையானது. பாதுகாப்பது நூலகத்தின் வேலை. நானும் இந்தக் கொள்கையில் வளர்ந்தவன்தான். தாபோவில் அதற்கு மாறான ஒன்று இருக்கிறது. அந்த ஓவியங்கள் உன்னதமானவை, காஷ்மீரப் பாணியின் கோடுகள் அவ்வளவு நளினம். ஆனால் அந்தக் கோடு இன்று இருப்பதற்குக் காரணம் வரைந்தவனின் மேதைமை மட்டும் அல்ல. மேலே கூரையில் மண் மிதித்தவனும் காரணம். அவனுக்குக் கோடு பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவேண்டியதில்லை. 1909-ல் ஃபிராங்கே வந்தார், 1933-ல் டூச்சி வந்தார், உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களுக்கு முன்னால் ஒன்பது நூற்றாண்டு யாருக்கும் சொல்லாமல் யாரோ பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

*

கூரை எப்படிச் செய்கிறார்கள் என்பதை டங்கர் பக்கத்தில் நான் தங்கியிருந்த வீட்டில் பார்த்தேன். பாப்ளர் மர உத்தரங்கள். அவற்றின் மேல் நெருக்கமாக வில்லோக் குச்சிகள். அதன் மேல் முட்செடியும் வைக்கோலும். பிறகு மண், அழுத்திக் கெட்டித்து, அதன் மேல் நைஸான களி. கூரை விளிம்பில் சுள்ளியும் தீவனமும் அடுக்கியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் எரிக்கவும் மாட்டுக்குப் போடவும். சுவருக்கு வெள்ளை. ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. பனி விழுந்தால் விடிவதற்குள் கூரையில் ஏறி மரப்பலகைத் துடுப்பால் தள்ளிவிடவேண்டும். உருக விட்டால் உள்ளே இறங்கிவிடும்.

அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பட்டாணி அறுவடை முடிந்திருந்தது. முன்பு பார்லிதான், இப்போது பச்சைப் பட்டாணி லாரியில் போகிறது, கையில் பணம் வருகிறது. குளிருக்கு முன் சுவர் பூசிக்கொண்டிருந்தார். முதல் நாளே ஊறவைத்த மண், நறுக்கிய வைக்கோல் கலந்தது. கரண்டி கிடையாது, உள்ளங்கையால் எடுத்து, அப்பி, விரல்களை விரித்து ஒரு வளைவாக இழுக்கிறார். இழுத்த தடம் அப்படியே நிற்கிறது. எங்கள் பக்கத்தில் சாணம் மெழுகும்போது தரையில் விழும் அதே பிறைவளைவு. மனிதக் கை திரும்புகிற விதத்தில் வருகிற கோடு அது. எந்த ஊருக்கும் சொந்தமில்லை.

ஹிந்தியில் பேசினோம். இருவருக்கும் அது இரவல் மொழியாதலால் அலங்காரம் இல்லாமல் பேச முடிந்தது. நான் மண்வீட்டைப் புகழ்ந்தேன். குளிரில் உள்ளே கதகதப்பு நிற்கும், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரியிலும் சுவர் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்றெல்லாம். அவர் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் வீடு மண்ணா?"

"இல்லையம்மா, சிமெண்ட்."

"வருஷா வருஷம் பூசவேண்டாம், இல்லையா?"

"வேண்டாம்."

"நல்ல வீடு" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. மகன் சண்டிகரில் வேலையாக இருக்கிறான், மகள் சிம்லாவில் படிக்கிறாள். "இந்தக் கூரையில் நான் ஏறாத வருஷம் இது இறங்கிவிடும்" என்றார். அப்புறம் மண் குழைப்பதற்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? பழமையின் அழகைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும் இந்த இடத்தில் வந்து தட்டி நிற்கவேண்டும். பூசுவது அழகு என்று பூசாதவன் சொல்கிறான். பூசுகிறவளுக்கு அது முதுகுவலி. இந்த உண்மையைக் கணக்கில் எடுக்காமல் மரபைப் பற்றி நாம் எழுதியதெல்லாம் வெறும் ரசனை. நானும் முன்பு சொன்ன ஆயிரம் கைகள் என்பதை இப்போது திருத்திச் சொல்கிறேன்: ஆயிரம் முதுகுகள்.

*

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வானம் குறுக்கே வருகிறது. மண் இங்கே நிலைத்ததற்குக் கைகள் ஒரு காரணம், வறட்சி இன்னொரு காரணம். இங்கே வானத்திலிருந்து வருவது பனி, பனியைத் தள்ளிவிடலாம். மழையைத் தள்ள முடியாது. இப்போது கோடையில் மழை வருகிறது என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். நான் போய்வந்த மறுவருஷம், 2023 ஜூலையில், சந்திரதால் ஏரிக்கரையில் பயணிகள் ஏறக்குறைய முந்நூறு பேர் பருவம் தப்பி விழுந்த பனியில் மாட்டி மீட்கப்பட்டார்கள். அதே நாட்களில் ஹிமாசலம் முழுதும் வெள்ளம். மழைமறைவு என்பதை நிரந்தரமாக நினைத்துக் கட்டியவர்களின் கணக்கு இப்போது தப்புகிறது. தாபோ ஓவியங்களின் மேல் கூரையிலிருந்து இறங்கிய சேற்று நீரின் தடங்கள் நீளநீளமாக இருக்கின்றன. சில இடங்களில் முகத்தின் நடுவே போகின்றன.

சிமெண்ட் பூசினால் போயிற்று என்று தோன்றும். மண்சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வரமுடியாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே நொறுங்குகிறது. வெளியே திடமாகத் தெரியும். ஒருநாள் பாளமாக விழும். எதனால் ஆனதோ அதனாலேயே செப்பனிடவேண்டும் என்பதைக் கட்டிடக்காரர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டின் எழுத்தைத் தேய்த்தார்கள். கல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது என்பது அப்போதே தெரிந்திருக்கவேண்டும். விஷயம் கல்லா மண்ணா என்பதல்ல, கை எப்படிப்பட்டது என்பதுதான்.

1975 ஜனவரி 19-ல் கின்னாரை மையமாகக் கொண்டு பூகம்பம் வந்தபோது தாபோ சேதப்பட்டது. பக்கத்திலேயே ஒரு புதிய கோயில் கட்டினார்கள். 1983-ல் தலாய் லாமா வந்து காலசக்கரம் நடத்தினார், ஆயிரமாவது ஆண்டான 1996-ல் மறுபடியும் வந்தார். பழையதை விட்டுவிடவில்லை. ஸ்பிதியின் பழைய தலைநகரான டங்கரில், பின்னும் ஸ்பிதியும் கலக்குமிடத்துக்கு மேலே செங்குத்தான சரளைக் குன்றின் நுனியில் ஒரு மடாலயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குன்று அடியிலிருந்து அரித்துக்கொண்டே வருகிறது. 2006-ல் உலகின் ஆபத்திலுள்ள நூறு நினைவிடங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். தள்ளிப் புது மடாலயமும் கட்டியாயிற்று. பழையதில் இன்னும் விளக்கேற்றுகிறார்கள். எத்தனை பேர் ஒரே நேரத்தில் மாடிக்குப் போகலாம் என்பதற்கு அளவு உண்டு. நான் நின்ற தரை காலடியில் லேசாகக் கொடுத்தது. அங்கிருந்த வயதான பிக்கு சுவரில் புதிதாக விட்டிருந்த ஒரு வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துக்கொண்டிருந்தார். கீழே குன்றே போய்க்கொண்டிருக்கும்போது இந்த வெடிப்பை அடைத்து என்ன என்ற கேள்வி அவருக்கு எழாமலா இருக்கும்? எழுந்திருக்கும். அடைத்துக்கொண்டிருந்தார்.

இதில் தத்துவம் ஒன்றைப் பிழிந்தெடுக்க விருப்பமில்லை. அநித்தியம் என்ற சொல் பௌத்தத்தில் இருக்கிறது, கையருகே இருக்கிறது, எடுத்துப் போட்டால் கட்டுரை நல்லபடியாக முடியும். ஆனால் அநித்தியம் என்பதை அறிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பதுதான் நான் பார்த்தது. எல்லாம் அழியும் என்பது நமக்கு ஒரு பெருமூச்சு. அவர்களுக்கு அது அடுத்த வருஷத்து மண்ணை எங்கே வெட்டுவது என்ற கேள்வி.

மொழியிலும் இது உண்டு. இரண்டாயிரம் வருஷத்துக் கவிதை நமக்கு இருக்கிறது என்கிறோம், கல்லைக் காட்டுவது போல. ஏடு ஓலையில் இருந்தது. ஓலையைப் பூச்சி தின்னும். நூறு இருநூறு வருஷத்துக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து பிரதி எடுத்திருக்காவிட்டால் ஒரு வரி மிஞ்சியிராது. பிரதி எடுத்தவர்களின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் எழுதுகிற கவிதையின் மகத்துவம் தெரிந்திருந்தது என்பதும் தெரியாது. கூரையில் மண் மிதித்தவர்கள் அவர்கள். தமிழின் தொன்மை நமக்குக் கிடைத்த கல் அல்ல, அந்தக் கைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் பூசிய மண். இப்போது பூசுவது யார் முறை என்று கேட்டால்தான் தொன்மை பற்றிய பேச்சுக்கு ஏதாவது அர்த்தம் உண்டு.

தாபோவின் தென்சுவரில் நீர் இறங்கிய இடங்களில் ஸுதனனின் பயணம் அறுந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் அவன் இருக்கிறான். அடுத்ததில் வெறும் மண். அதற்கடுத்ததில் மறுபடியும் கைகூப்பி நிற்கிறான், வேறொரு ஆசான் முன்னால். நடுவே யாரைப் பார்த்தான், என்ன கேட்டான் என்பது சுவரில் இல்லை. கதை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லவேண்டும். டார்ச் பிடித்திருந்த இளம் பிக்கு அந்த வெறும் மண்ணையும் தாண்டாமல், அங்கே கொஞ்சம் நின்று, அங்கே என்ன இருந்தது என்பதைச் சொன்னார்.